தேடி முடித்த பூங்காவில் பத்து மாதம் கழித்துக் கிடைத்த உடல்: வாஷிங்டன் வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2001 மே மாதம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 24 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். நகரின் நடுவே இருக்கும் ராக் கிரீக் பூங்காவில் ஜூலை மாதம் போலீஸ் இறங்கித் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மே மாதம், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த ஒருவர் அதே பூங்காவில் அவருடைய எலும்புகளைப் பார்த்தார். போலீஸ் அந்த இடத்தைச் சலித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, குடும்பத்தார் அமர்த்திய தனியார் துப்பறிவாளர்கள் அங்கேயே இன்னொரு எலும்பைக் கண்டெடுத்தார்கள்.

ஆக, ஒரே வழக்கில் இரண்டு தடவை கைநழுவியிருக்கிறது. இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கொன்றது யார் என்பதைத்தான் பேசினார்கள். தேடியவர்கள் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி ஓரமாகவே நின்றுவிட்டது. காணாமல் போனவரின் வீட்டாருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும் என்பதால் அதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர்கள் தேவையில்லை, அதனால் தரவில்லை.

## இடமும் ஆளும்

ராக் கிரீக் பூங்கா 1890-ல் உருவானது. பரப்பு 1,754 ஏக்கர். பூங்கா என்றதும் புல்வெளியும் சிமெண்ட் பெஞ்சும் நினைவுக்கு வந்தால் தப்பு. இது ஓர் ஓடைப் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் மேடு, மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் சரிவு, சரிவு முழுக்க ஓக், பீச் போன்ற இலையுதிர் மரங்கள். உள்ளே கார் ஓடும் சாலைகள் உண்டு. அவை போக, ஆட்களும் குதிரைகளும் போகும் மண்பாதைகளும் உண்டு. சாலை வேறு, பாதை வேறு என்பது பின்னால் முக்கியமாகப் போகிறது.

அந்தப் பெண் மத்திய சிறைத்துறை அலுவலகம் ஒன்றில் பயிற்சிப் பணியில் இருந்தவர். பயிற்சி முடிந்து கலிபோர்னியாவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் நேரம். மே 1-ம் தேதி முற்பகலில் தன் லேப்டாப்பில் இணையம் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவரைப் பற்றி உறுதியான தடயம் கிடையாது.

## முதல் வாரங்கள்

மே 6-ம் தேதி பெற்றோர் போலீசுக்குச் சொன்னார்கள். அவர் தங்கியிருந்த ஃபிளாட்டில் பாதி அடுக்கிய பெட்டிகள், பர்ஸ், அடையாள அட்டை, கடன் அட்டைகள், செல்போன் எல்லாம் இருந்தன. சாவி மட்டும் இல்லை. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வர நினைத்தவர் விட்டுப்போன வீடு மாதிரித்தான் அது இருந்தது.

இந்தக் கட்டத்தில் நடந்த இரண்டு தவறுகள் தேடலின் தலையெழுத்தையே மாற்றின. கட்டடத்தின் கண்காணிப்பு கேமராப் பதிவை உடனே கேட்டு வாங்கவில்லை. பழைய பதிவின் மேல் புதிது ஏறும் முறை அது, கேட்ட நேரத்தில் மே 1 அழிந்துவிட்டிருந்தது. அப்புறம் லேப்டாப். அந்த வேலையில் பயிற்சி இல்லாத ஒரு சார்ஜென்ட் அதைத் திறந்து பார்க்க, இணையத் தேடல் பதிவுகள் குழம்பிப் போயின. நிபுணர்கள் அதைச் சரிசெய்து எடுக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அதில்தான் ராக் கிரீக் பூங்காவின் பெயர் வந்தது. பூங்கா நிர்வாகம் இயங்கும் கிளிங்கிள் மாளிகை என்ற பழைய கட்டடத்தை மே 1 அன்று அவர் தேடிப் பார்த்திருந்தார்.

இதற்கிடையே அவருக்கு நெருக்கமான ஓர் அரசியல்வாதியின் மேல் ஊடகங்களின் முழுப் பார்வையும் திரும்பியிருந்தது. அந்தக் கோடை முழுவதும் செய்தி அதுதான். அதே கோடையில், அதே பூங்காவில், ஜாகிங் போன இரண்டு பெண்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர் ஜூலை 1-ம் தேதியே பிடிபட்டார். ஆனால் பூங்காவுக்கு மத்திய அரசின் தனிப் போலீஸ், காணாமல் போன வழக்கு நகரப் போலீசிடம். இரண்டு கோப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க அப்போது யாரும் இல்லை. வைத்துப் பார்த்திருந்தால், பூங்காவில் எங்கே முதலில் தேடுவது என்பதற்காவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

## ஜூலை 25: எடுத்த முடிவும் இறங்கிய உத்தரவும்

மே 1-லிருந்து 85-ம் நாள் பூங்காவில் தேடல் நடந்தது. மூன்று சார்ஜென்ட்களும் 28 பயிற்சிக் காவலர்களும் க்ளோவர் சாலையை ஒட்டிய பகுதிகளில் தேடினார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மேலிடத்தில் எடுத்த முடிவு, சாலைகளிலிருந்தும் பாதைகளிலிருந்தும் 100 கஜம் உள்ளே போய்த் தேட வேண்டும் என்பது. அதாவது சுமார் 91 மீட்டர். அதன் காரணம் நியாயமானது. ஒரு உடலைத் தூக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ காட்டுக்குள் வெகுதூரம் போவது கடினம். அதனால் ஆட்கள் நடமாடும் தடத்தை ஒட்டித்தான் கிடக்கும் என்று கணிக்கிறார்கள். ஆனால் இந்த உத்தரவு களத்துக்கு வருவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. சாலைகளிலிருந்து 100 கஜம் என்று மட்டுமே தேடியவர்களிடம் வந்து சேர்ந்தது. மண்பாதைகள் விடுபட்டன. உடல் கிடந்தது மேற்கு முகட்டில் போகும் ஒரு மண்பாதைக்குக் கீழே, செங்குத்தான சரிவில். பாதையிலிருந்தும் 100 கஜம் இறங்கியிருந்தால் அந்த இடம் தேடல் எல்லைக்குள் வந்திருக்கும்.

இதைப் படிக்கிற எவருக்கும் ஆத்திரம் வரும். ஒரே ஒரு சொல் விடுபட்டதால் பத்து மாதம் போயிற்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இங்கேயே நிறுத்திக்கொண்டால் வழக்கிலிருந்து கற்க வேண்டியதில் பாதி போய்விடும். உத்தரவு சரியாகவே வந்திருந்தாலும் அன்றைக்கு அவர்கள் உடலைப் பார்த்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

## 85 நாளில் காடு என்ன செய்யும்

வாஷிங்டனில் ஜூலை மாதம் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரமும் அதிகம். திறந்த வெளியில் கிடக்கும் உடல் இப்படிப்பட்ட கோடையில் சில வாரங்களிலேயே பெரும்பாலும் எலும்பாகிவிடும். பெரும்பகுதி வேலையை ஈக்களின் புழுக்களே முடித்துவிடும். நரி, ரக்கூன், நாய் போன்றவை வந்தால் எலும்புகள் ஒரே இடத்தில் இருக்காது. முதலில் மண்டையோடு, கைகள், பாதங்கள் போன்ற பகுதிகள் கழன்று போகும். மண்டையோடு உருண்டை என்பதால் சரிவில் தானாகவே கீழே போகும். வயதுவந்த மனித உடலில் 206 எலும்புகள். அவற்றில் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும்தான், பல விரல்நுனி அளவு.

தேடுகிறவர் மனதில் இருப்பதோ படுத்திருக்கும் ஒரு மனித உருவம். பயிற்சிக் காவலரிடம் ‘ஒரு பெண்ணின் உடலைத் தேடு’ என்று சொன்னால் அவர் கண் ஐந்தடி நீளத்தை, துணியின் நிறத்தை, தலைமுடியைத் தேடும். அங்கே இருக்கக்கூடியது சருகுக்குள் பாதி புதைந்த, பழுப்பேறிய ஒரு நீண்ட எலும்பு. வெயில் நேராகப் படும் இடத்தில்தான் எலும்பு வெளுக்கும். மர நிழலில் மண்ணின் கறை ஏறும், ஈரத்தில் பாசி பிடிக்கும். காய்ந்து விழுந்த கிளைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும் தரையில் அது இன்னொரு குச்சி. துணியும் அப்படித்தான்: ஒரு மழைக்குப் பிறகு மண்ணோடு ஒட்டி, மேலே நாலு இலை விழுந்தால் நிறம் போய்விடும்.

வாசனையை நம்பித் தேடினால் என்ன என்று கேட்கலாம். முதல் வாரங்களில் அது மனிதருக்கே தெரியும். 85-ம் நாளில் அந்தக் கட்டம் கடந்திருக்கும். பயிற்சி பெற்ற மோப்ப நாய்க்கு அப்போதும் தெரியும், ஆனால் சரிவில் காற்றின் போக்கு ஏமாற்றும். பகல் சூட்டில் காற்று சரிவோடு மேலேறும், இரவில் குளிர்ந்து கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நாய் எந்த வேளையில், சரிவின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே இடம் மணக்கலாம், மணக்காமலும் போகலாம்.

## வரிசையில் நடப்பவரின் கண்

28 பேரும் ஒரே வரிசையாக 100 கஜ அகலத்தில் நின்றார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்றேகால் மீட்டர் வருகிறது. காகிதத்தில் போதுமானதாகத் தெரியும். இப்போது அதைச் சரிவில் நடத்திப் பாருங்கள். கால் வழுக்குகிறது, கையால் மரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பக்கத்து ஆள் முந்திவிட்டார் என்று அவசரம். பார்வையின் பாதி நேரம் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதிலேயே போகிறது. முட்புதர் வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். புதருக்குள் யாரும் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து ஆள் பார்த்திருப்பார் என்றே இருவரும் நினைக்கிறார்கள். வரைபடத்தில் அந்தப் புதரும் தேடிய பகுதியாக நிறம் தீட்டப்படுகிறது.

கண்ணுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, அது சோம்பேறித்தனம் இல்லை. 2005-ல் வெளியான ஒரு பரிசோதனையில், விமான நிலைய ஸ்கேனர் படங்கள் போன்ற படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது தேடியவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். ‘பெரும்பாலும் இருக்காது’ என்று மூளை பழகிவிட்டால், இருக்கும்போதும் இல்லை என்று சீக்கிரம் முடிவுகட்டிவிடுகிறது. நாள் முழுக்கச் சருகைப் பார்த்து நடக்கும் ஒரு பயிற்சிக் காவலரின் நிலை இதைவிட மோசம். அவர் வாழ்நாளில் காட்டில் கிடக்கும் மனித எலும்பை ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டார்.

ஜூலையில் இலைகள் அடர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலையுதிர் காட்டில் தேட நல்ல காலம் குளிர்காலக் கடைசி: தழை இருக்காது, பார்வை தூரம் போகும். முந்தைய பருவத்துச் சருகும் அமுங்கிப் படிந்திருக்கும். அந்தக் குளிர்காலம் வந்து போயிற்று. ஆனால் உடல் கிடந்த சரிவில் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை.

## 2002 மே 22

காலை சுமார் ஒன்பதரை மணி. நாயோடு வந்தவர் ஆமைகளைத் தேடிக்கொண்டிருந்தார் என்று பதிவாகியிருக்கிறது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆமை தேடுகிறவர் பாதையை விட்டு இறங்குவார், மெதுவாகப் போவார், குனிந்து சருகைப் பார்ப்பார், தரை நிறத்திலேயே இருக்கும் ஒரு சிறு பொருளுக்குக் கண்ணைப் பழக்கியிருப்பார். எலும்பு தேடத் தேவையான எல்லாமே அதில் அடங்கியிருக்கிறது. நேரக்கெடு மட்டும் அவருக்கு இல்லை. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடாமல் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் பார்த்தது மண்டையோடு. பல் பதிவுகளை ஒப்பிட்டு யார் என்று உறுதிசெய்தார்கள். சுற்றிலும் எலும்புகள், மேல்சட்டை, உள்ளாடை, காலணி, முடிச்சிட்ட நிலையில் லெக்கிங்ஸ் ஆகியவை சிதறிக் கிடந்தன. எதுவும் புதைக்கப்படவில்லை. அவர் குடியிருந்த இடத்திலிருந்து சுமார் 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர். மே 28-ம் தேதி மருத்துவப் பரிசோதகர் இது கொலை என்று அறிவித்தார். எப்படிக் கொல்லப்பட்டார் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. சதையும் தோலும் போன பிறகு எலும்பில் பதியாத காயம் எதையும் படிக்க வழியில்லை.

## இரண்டாவது தவறல்: கணைக்கால் எலும்பு

போலீஸ் அந்த இடத்தைச் சுற்றி அடைத்து, பல நாள் தேடி, வேலை முடிந்தது என்று திறந்துவிட்டது. ஜூன் 6-ம் தேதி குடும்பத்தார் அமர்த்திய துப்பறிவாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். மற்ற எலும்புகள் கிடைத்த இடத்திலிருந்து சுமார் 25 கஜத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு கிடந்தது, கூடவே முறுக்கிய ஒரு கம்பியும். இவை கண்ணில் படாமல் போனதை ஏற்க முடியாது என்று நகரப் போலீஸ் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார்.

முதல் தவறலுக்கு உத்தரவுக் குழப்பத்தைக் காரணமாகச் சொல்லலாம். இதற்கு அது பொருந்தாது. இடம் தெரியும், தேடுவது எலும்பு என்று தெரியும், ஆட்களும் நேரமும் இருந்தன. கணைக்கால் எலும்பு உடலின் நீளமான எலும்புகளில் ஒன்று, பெண்ணுக்குச் சுமார் 35 சென்டிமீட்டர். அதுவே கண்ணில் படவில்லை.

பொதுவாக இத்தகைய இடங்களில் நடப்பது இது: எலும்புகள் குவியலாகக் கிடைக்கும் இடத்தைச் சுற்றி நாடா கட்டுவார்கள். நாடாவுக்குள் மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள், அங்கே கவனம் கூர்மையாக இருக்கும். நாடாவைத் தாண்டினால் கவனம் சட்டென்று இறங்கும். ஆனால் எலும்பை இழுத்துப் போகிற விலங்குக்கு நாடா கிடையாது. மறைவான புதர், சரிவின் அடிவாரம், விழுந்த மரத்தின் அடி என்று தனக்குத் தோதான இடத்துக்குப் போகும். எல்லையை நாம் போடக் கூடாது, கிடைத்த எலும்புகளின் சிதறல்தான் போட வேண்டும். எந்த எலும்புகள் இன்னும் வரவில்லை என்ற பட்டியல் கையில் இருந்தால் தேடல் முடியவில்லை என்பது தானாகவே தெரியும். ஒரு கணைக்கால் எலும்பு குறைவது அந்தப் பட்டியலில் மறையாது.

அதை ஒரு விலங்கு பின்னால் கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது. அப்படியே இருந்தாலும் விடை மாறாது. இடத்தைத் திறந்துவிடும் முன் புதுக் கண்களோடு இன்னொரு குழு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

## பின்விளைவு

தாமதத்தின் விலையை வழக்கு கட்டியது. அதே கோடையில் பூங்காவில் பெண்களைத் தாக்கியவர் மீது பல வருடம் கழித்து இந்தக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2010-ல் தண்டிக்கப்பட்டார். அவரைக் குற்றத்தோடு நேரடியாகப் பிணைக்கும் உடல்சார்ந்த தடயம் இல்லை. சிறையில் கூட இருந்த ஒருவரின் சாட்சியம்தான் பெரிய ஆதாரம். அந்தச் சாட்சியத்தின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாக, மறு விசாரணைக்கு உத்தரவானது. 2016-ல் அரசுத் தரப்பே குற்றச்சாட்டைக் கைவிட்டது. இன்றைக்குச் சட்டப்படி இது தீராத வழக்கு. ஜூலையிலேயே உடல் கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஒரு குளிர்காலத்தின் மழையும் பனியும் விலங்குகளும் தொடாத தடயங்கள் கைக்கு வந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

## மாற வேண்டியவை

இந்த வழக்கைப் படித்தபின் என் மனதில் ஒன்று அழுத்தமாக நிற்கிறது. தேடிய இடத்தை வரைபடத்தில் முழு நிறத்தில் தீட்டிவிடுவதுதான் ஆபத்து. தீட்டிய இடத்துக்கு யாரும் திரும்பிப் போவதில்லை. தேடல் கணிதம் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்காக, கடலில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட உருவானது. அதன்படி ஒரு பகுதியைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அங்கே இருக்கும் வாய்ப்பு குறையும், பூஜ்யம் ஆகாது.

ஒரு சிறு கணக்கு. ஒரு பகுதியில் உடல் இருக்க 50 சதவீதம் வாய்ப்பு என்று தேடும் முன் கணிக்கிறோம். இருந்தால் கண்ணில் பட 63 சதவீதம் சாத்தியம் உள்ள அளவுக்குத் தேடுகிறோம். தேடுகிறவர் நடந்து பார்க்கும் மொத்தப் பரப்பு அந்தப் பகுதியின் பரப்புக்குச் சமமாகவும், நடை ஒழுங்கின்றியும் இருந்தால் கணிதம் தரும் எண் அதுதான். ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது அங்கே உடல் இருக்கும் வாய்ப்பு 27 சதவீதம். நான்கில் ஒன்றுக்கும் மேல். முட்புதர், சரிவு, சருகு எல்லாம் சேர்ந்து கண்ணில் படும் சாத்தியம் 30 சதவீதம்தான் என்றால், தேடிய பிறகும் 41 சதவீதம் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்துவிட்டோம் என்று குடும்பத்தாரிடம் சொல்வது அவர்களைத் தவறான திசைக்கு அனுப்புவது.

ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் யார், எந்தத் தேதியில், எத்தனை பேர், எவ்வளவு இடைவெளியில், எதைத் தேடி நடந்தார்கள், எங்கே நுழைய முடியவில்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு ஒவ்வொருவர் பையிலும் ஜிபிஎஸ் கருவி வைத்துவிட்டால் நடந்த தடமே பதிவாகிவிடுகிறது. சுற்றிப் போன புதர்கள் வெள்ளையாகத் தெரியும், அவையே அடுத்த தேடலின் பட்டியல். தேடலுக்கு முன் ஓர் எலும்பு மாதிரியைச் சருகில் போட்டு எல்லாருக்கும் காட்டலாம். அதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது. சில பொம்மை எலும்புகளைத் தெரியாமல் தூவி வைத்து எத்தனை கிடைக்கிறது என்று எண்ணினால், அந்தக் குழுவின் கண் அன்றைக்கு எவ்வளவு வேலை செய்தது என்பது யூகமாக இல்லாமல் எண்ணாகக் கிடைக்கும்.

உத்தரவு வாய்வழியாக இறங்கக் கூடாது. எல்லைக்கோடு போட்ட வரைபடத்தையே களத்தில் இருப்பவர் கையில் கொடுத்து, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒருவர் “சாலையிலிருந்து 100 கஜம், சரிதானே?” என்று திருப்பிக் கேட்டிருந்தால் மேலிருந்தவர் “பாதையிலிருந்தும்” என்று சொல்லியிருப்பார். கோடையில் தேடிய காட்டுக்கு, இலை உதிர்ந்த பிறகு இரண்டாம் தேடல் என்று முதல் நாளே தேதி குறித்துவிட வேண்டும். அதைக் கேட்டு வாங்க வழக்கறிஞரோ துப்பறிவாளரோ தேவையில்லை. எந்தப் பகுதி, எப்போது, எப்படித் தேடப்பட்டது, மறுபடி எப்போது என்று குடும்பத்தாரே எழுத்தில் கேட்கலாம், தேடுகிறவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும்.